ஆட்டோமேட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் 'டிஓசி' என்று சுருக்கிச் சொல்லும் பாடம் இது. முழுப்பெயர் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், தமிழில் கணிப்பியல் கோட்பாடு. இந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டவர்களும், புரோகிராம் எழுதிக்கொண்டே 'இதெல்லாம் எதற்கு' என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எதைப் பற்றிய பாடம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு நினைவு வேண்டும் என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே அளந்து கொடுத்த கொஞ்சம் நினைவு போதுமா? தட்டுகளை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் நினைவு வேண்டுமா? எழுதி அழிக்கத் தாள் வேண்டுமா? அல்லது எவ்வளவு தாள் கொடுத்தாலும் முடியாத வேலையா? இந்த நான்கு படிகளில்தான் முழுப் பாடமும் ஏறுகிறது. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஐந்து உறுப்பு வரையறையும் கிரேக்க எழுத்துகளும் வந்து நிற்பதால், இது பலருக்குப் புரிவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

ஆட்டோமேட்டன் என்றால் தானாக இயங்குவது, தானியங்கி. ஆட்டோமேட்டா அதன் பன்மை. இரும்பு, மோட்டார் எதுவும் கிடையாது. எல்லாம் காகிதத்தில் வரையும் இயந்திரங்கள்.

ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு உதாரணம்?

பள்ளியில் மெய்ம்மயக்கம் படித்திருப்பீர்கள். எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரலாம் என்ற கணக்கு. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், அச்சம், பத்து, உப்பு. ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேரா. ட் கொஞ்சம் தாராளம். தன்னோடும் சேரும், க, ச, ப ஆகியவற்றோடும் சேரும்: வெட்கம், மாட்சி, நட்பு. பக்தியும் சக்தியும் பழைய நூல்களில் பத்தி, சத்தி என்று இருப்பது இதனால்தான். க் பக்கத்தில் த் நிற்கத் தமிழில் இடமில்லை.

இப்போது இந்த விதியைச் சோதிக்க வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவோம். அவருக்குச் சொல் முழுதும் ஒரே பார்வையில் தெரியாது. ஒவ்வொரு ஒலியாக வரும், திரும்பிப் பார்க்க அனுமதி இல்லை. 'பக்கம்' வருகிறது: ப், அ, க், க், அ, ம். முதல் அ வந்ததும் 'இப்போது உயிர் பார்த்தேன்' என்ற நிலையில் இருக்கிறார். அடுத்து க். 'க் பார்த்தேன்' நிலைக்குப் போகிறார். மீண்டும் க், பரவாயில்லை, 'இரட்டித்தாயிற்று, இனி உயிர்தான் வர வேண்டும்' என்ற நிலை. அ வந்தது, பழையபடி உயிர் நிலை. கடைசியில் ம். சொல் ம்-இல் முடியலாம், உள்ளே விடுகிறார். 'பக்தி' வந்தால், 'க் பார்த்தேன்' நிலையில் நிற்கும்போது த் வருகிறது. அங்கிருந்து நேரே குழிக்குப் போகும் அம்பு. குழியில் விழுந்தால் பிறகு என்ன எழுத்து வந்தாலும் மேலே வர முடியாது.

இதுதான் ஃபைனைட் ஆட்டோமேட்டன். வட்டங்கள் நிலைகள், அம்புகள் நிலை மாற்றங்கள். ஒரு தொடக்க வட்டம், 'இங்கே முடிந்தால் சரி' என்று குறித்த சில வட்டங்கள், உள்ளே வரும் எழுத்துகளின் பட்டியல். எண்ணிப் பாருங்கள், அந்தப் பயமுறுத்தும் ஐந்து உறுப்புகளும் இவைதான். இந்த இயந்திரம் ஏற்கும் எல்லாச் சொற்களையும் சேர்த்து அதன் 'மொழி' என்பார்கள். பாடத்தில் மொழி என்று வரும் இடமெல்லாம் சொற்களின் தொகுதி என்றே வாசியுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

வாழ்க்கை, பார்த்தான் போன்ற சொற்களில் மூன்று மெய்கள் தொடர்ந்து வருகின்றனவே? ஒரே எழுத்தை நினைவு வைத்தால் போதாதே?

போதாது. ய், ர், ழ் மூன்றுக்குப் பின் இப்படி வரும், ஈரொற்று மயக்கம் என்பார்கள். அதற்கு 'ழ் பார்த்து, பிறகு க் பார்த்தேன்' என்று புது வட்டங்கள் போட வேண்டும். மெய் 18. கடைசி இரண்டு மெய்களையும் நினைவு வைக்க வேண்டுமென்றாலும் 18 × 18 = 324 வட்டங்கள்தான் கூடும். படம் அசிங்கமாகும், அவ்வளவே. வட்டங்களின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், வரும் சொல்லின் நீளத்தைப் பொறுத்து வளரக் கூடாது. ஃபைனைட் என்ற அடைமொழி சொல்வது இதைத்தான்.

டிஎஃப்ஏ, என்எஃப்ஏ என்ன வேறுபாடு?

டிஎஃப்ஏ என்பது டிட்டர்மினிஸ்டிக் ஃபைனைட் ஆட்டோமேட்டன், என்எஃப்ஏ என்பது நான்டிட்டர்மினிஸ்டிக் ஃபைனைட் ஆட்டோமேட்டன். டிஎஃப்ஏ-வில் ஒரு வட்டத்திலிருந்து ஒரு எழுத்துக்கு ஒரே அம்பு. என்எஃப்ஏ-வில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று அம்புகள் இருக்கலாம், ஏதாவது ஒரு வழி ஏற்கும் வட்டத்தில் முடிந்தால் போதும். இந்த இரண்டாவது வகையை 1959-இல் மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். 1976-இல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தபோது அந்தக் கட்டுரைதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

என்எஃப்ஏ-வுக்குக் கூடுதல் சக்தி இருக்கும் என்று தோன்றும். கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் 'இப்போது எந்தெந்த வட்டங்களில் இருக்கக்கூடும்' என்ற பட்டியலையே ஒரு வட்டமாக வைத்துக்கொண்டால், அதே வேலையை டிஎஃப்ஏ செய்துவிடும். விலை மட்டும் அதிகம். 0, 1 வரிசையில் 'கடைசியிலிருந்து பத்தாவது இலக்கம் 1' என்று சோதிக்க என்எஃப்ஏ-வுக்கு 11 வட்டங்கள் போதும். டிஎஃப்ஏ-வுக்குக் குறைந்தது 1024.

ரெகுலர் எக்ஸ்பிரஷனும் இதுவும் ஒன்றா?

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது எந்த மாதிரிச் சொற்கள் வேண்டும் என்பதைக் குறிகளால் சுருக்கி எழுதும் முறை. கணிதத்தில் இரண்டும் ஒன்றேதான். கதை நரம்பு செல்களில் தொடங்குகிறது. 1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் மூளையின் நரம்புகளை ஆன்/ஆஃப் சுவிட்சுகளாக எடுத்துக்கொண்டு ஒரு கணித மாதிரி போட்டார்கள். அந்த வலைகள் எந்த மாதிரி நிகழ்வுகளை அடையாளம் காணும் என்று ஸ்டீபன் கிளீனி ஆராய்ந்தார். 1951-இல் எழுதி 1956-இல் அச்சான அந்த ஆய்வில்தான் 'ரெகுலர்' என்ற பெயரும், பூஜ்யம் அல்லது பல தடவை என்று காட்டும் நட்சத்திரக் குறியும் வந்தன. 1968-இல் கென் தாம்ப்சன் அதை எடிட்டரில் சொல் தேடும் கருவியாக மாற்றினார். யூனிக்ஸில் சொல் தேடும் கிரெப் கட்டளை அதன் வாரிசு.

ஆனால் இன்று பல புரோகிராமிங் மொழிகளில் இருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எஞ்சின்கள் தாம்ப்சன் வழியில் போவதில்லை. ஒரு வழியை முயன்று, தவறினால் பின்வாங்கி அடுத்ததை முயல்கின்றன. 'முன்பு வந்த அதே சொல் மறுபடி வர வேண்டும்' போன்ற வசதிகள் கொடுக்க இது உதவும், அந்த வசதிகளோ ஃபைனைட் ஆட்டோமேட்டாவுக்கு அப்பாற்பட்டவை. அதற்கான விலையை 2016 ஜூலை 20 அன்று புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கொடுத்தது. வரியின் ஓரத்தில் உள்ள வெற்றிடங்களை வெட்டும் சாதாரண எக்ஸ்பிரஷன். ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து, கடைசியில் வேறொரு எழுத்து வந்துவிட்டது. எஞ்சின் முதல் வெற்றிடத்திலிருந்து 20,000 எண்ணித் தோற்றது, இரண்டாவதிலிருந்து 19,999 எண்ணித் தோற்றது, இப்படியே. கூட்டினால் ஏறக்குறைய 20 கோடி. தளம் 34 நிமிடம் படுத்துவிட்டது. நம் காவலாளியாக இருந்திருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தடவை பார்த்து 20,000 அடியில் முடித்திருப்பார். 'தியரி வேலைக்கு உதவாது' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் கதை இது.

தமிழ் டைப் செய்யும்போது சில சமயம் புள்ளி வட்டம் ஒன்று வருகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. யூனிகோடில் 'கா' என்பது க என்ற குறியும் கால் என்ற குறியும் சேர்ந்தது. எழுத்துருவைத் திரையில் அமைக்கும் மென்பொருள், ஒரு மெய்க்குப் பின் துணைக்குறி வந்தால் சேர்க்கும். முன்னால் எழுத்து இல்லாமல் கொம்போ காலோ தனியாக வந்தால் ஏற்கும் நிலை இல்லை, அதனால் புள்ளி வட்டத்தைப் போட்டு அதன்மேல் குறியைத் தொங்கவிடும். பல உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ள ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருளில், இந்திய எழுத்துகளின் அசை பிரிக்கும் பகுதி ஒரு ஸ்டேட் மெஷினாகவே, அதாவது நம் வட்டமும் அம்பும் கொண்ட இயந்திரமாகவே, எழுதப்பட்டிருக்கிறது.

ஃபைனைட் ஆட்டோமேட்டனால் முடியாதது என்ன?

எண்ணுவது. கச்சிதமாகச் சொன்னால், எல்லையில்லாமல் எண்ணுவது. திறந்த அடைப்புக்குறிகள் எத்தனையோ அத்தனை மூடும் குறிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். 100 வட்டங்கள் உள்ள இயந்திரம் என்று வைப்போம். எதுவும் திறக்காதது, ஒன்று திறந்தது, இரண்டு திறந்தது என்று நூறு வரை மொத்தம் 101 சூழ்நிலைகள். வட்டங்கள் நூறுதான். ஏதாவது இரண்டு சூழ்நிலைகள் ஒரே வட்டத்தில் போய் நின்றாக வேண்டும். அவை 3, 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி மூன்று மூடும் குறிகளைக் கொடுத்தால், மூன்று திறந்ததற்கு 'சரி' என்று சொல்லும் இயந்திரம் பதினேழு திறந்ததற்கும் 'சரி' என்றே சொல்லும். அதற்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஆயிரம் வட்டம் கொடுத்தாலும் இதே கதை.

ஒரு மொழி ஃபைனைட் ஆட்டோமேட்டனுக்கு அடங்காது என்று காட்ட உதவும், பரீட்சையில் எல்லோரையும் கலங்கவைக்கும் பம்ப்பிங் லெம்மாவுக்குப் பின்னால் இருப்பதும் இதே புறாக்கூண்டு வாதம்தான்.

அப்படியானால் அடுத்த படி என்ன?

ஒரு அடுக்கு, அதாவது ஸ்டாக், கொடுப்பது. மேலே மட்டும் வைக்கலாம், மேலிருந்து மட்டும் எடுக்கலாம். இது புஷ்டவுன் ஆட்டோமேட்டன். அடைப்புக்குறி திறந்தால் ஒன்று வை, மூடினால் ஒன்று எடு, கடைசியில் அடுக்கு காலியா பார்.

இதற்கு அடைப்புக்குறியைவிட நல்ல உதாரணம் நம் வாயிலேயே இருக்கிறது. 'கண்ணன் மாலா அப்பா வருகிறார் என்று சொன்னாள் என்று சொன்னான்.' எழுவாய்கள் கண்ணன், மாலா, அப்பா என்று வரிசையாக உள்ளே போகின்றன. வினைகள் வருகிறார், சொன்னாள், சொன்னான் என்று வெளியே வருகின்றன. கடைசியாக வந்த அப்பாவுக்கு முதல் வினை, முதலில் வந்த கண்ணனுக்குக் கடைசி வினை. விகுதி சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க ஒரு அடுக்கு வேண்டும். 'கண்ணன் மாலா அப்பா வருகிறார் என்று சொன்னான் என்று சொன்னாள்' என்றால் காதில் இடறுகிறது அல்லவா? நான்கு அடுக்கு ஆனால் நமக்கே தலை சுற்றும், ஆனால் இலக்கணம் தடுப்பதில்லை.

1956-இல் நோம் சாம்ஸ்கி இந்தப் படிகளை இலக்கணங்களின் வழியே வரிசைப்படுத்தத் தொடங்கினார். ரெகுலர் (ஃபைனைட் ஆட்டோமேட்டனின் படி), கான்டெக்ஸ்ட் ஃபிரீ (அடுக்கு உள்ள படி), கான்டெக்ஸ்ட் சென்சிடிவ் (இடையில் ஒன்று), கட்டுப்பாடற்றது (எழுதி அழிக்கத் தாள் உள்ள படி) என்று நான்கு. புரோகிராமிங் மொழிகளின் வாக்கிய அமைப்பைப் பெரும்பாலும் இரண்டாவது வகை இலக்கணமாகத்தான் எழுதுகிறார்கள். அல்கால் 60 மொழியின் வரையறையோடு அந்த வழக்கம் வேரூன்றியது.

டூரிங் மெஷின் எதற்கு? அப்படி ஒரு மெஷின் நிஜமாக இருந்ததா?

இருந்ததில்லை. 1928-இல் டேவிட் ஹில்பர்ட்டும் வில்ஹெல்ம் ஆக்கர்மனும் ஒரு கேள்வி வைத்தார்கள்: எந்தத் தர்க்க வாக்கியத்தைக் கொடுத்தாலும் அது எப்போதும் உண்மையா என்று முடிவுசெய்ய இயந்திரத்தனமான வழிமுறை உண்டா? இல்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் முதலில் 'வழிமுறை' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். 1936-இல் ஆலன் டூரிங் அதைச் செய்தார். அப்போது கம்ப்யூட்டர் என்ற சொல் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. அந்த ஆள் கட்டம் போட்ட தாளில் என்ன செய்கிறார்? ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், அழித்து எழுதுகிறார், பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறார், அடுத்து என்ன செய்வது என்று மனதில் ஒரு நிலையில் இருக்கிறார். தாளை நீண்ட நாடாவாக ஆக்கினால் டூரிங் மெஷின். நம் காவலாளிதான், கையில் பென்சிலும் ரப்பரும் தீராத காகிதமும் கொடுத்திருக்கிறோம், திரும்பிப் பார்க்கவும் அனுமதித்துவிட்டோம்.

அதே ஆண்டு அலோன்சோ சர்ச் முற்றிலும் வேறு பாதையில் வந்து அதே விடையைச் சொன்னார். கணிக்கக்கூடியது எதுவாக இருந்தாலும் டூரிங் மெஷினால் கணிக்க முடியும் என்ற கருத்தை சர்ச்-டூரிங் கோட்பாடு என்கிறார்கள். இது நிரூபித்த தேற்றம் இல்லை. யாரும் இன்னும் மறுத்துக் காட்டவில்லை.

எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாத வேலை என்று ஒன்று உண்மையிலேயே உண்டா?

உண்டு. ஒரு புரோகிராமைக் கொடுத்தால், அது ஓடி நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் புரோகிராமை எழுத முடியாது.

எழுதிவிட்டோம் என்றே வைப்போம். அதற்கு ஜோசியர் என்று பெயர். எந்தப் புரோகிராமைக் காட்டினாலும் 'நிற்கும்', 'நிற்காது' என்று பலன் சொல்வார். இப்போது குறும்பன் என்று ஒரு புரோகிராம் எழுதுகிறேன். ஜோசியரை உள்ளே வைத்துக்கொண்டு, தன் ஜாதகத்தையே அவரிடம் நீட்டும். 'நீ நிற்பாய்' என்று சொன்னால் நிற்காமல் சுற்றும். 'நிற்க மாட்டாய்' என்று சொன்னால் உடனே நின்றுவிடும். ஜோசியர் எதைச் சொன்னாலும் பொய். ஆகவே அப்படி ஒரு ஜோசியர் இருக்க முடியாது.

'ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே' என்று கேட்பார்கள். நின்றால் தெரியும். நிற்காவிட்டால், இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாமா என்ற கேள்விக்கு முடிவே இல்லை. 2-க்கு மேற்பட்ட இரட்டை எண்களை வரிசையாக எடுத்து, இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியாத ஒன்று கிடைத்தால் நிற்கும் புரோகிராமைப் பத்து வரியில் எழுதிவிடலாம். அது நிற்குமா? தெரிந்தால் 1742 முதல் தீராமல் கிடக்கும் கோல்ட்பாக் ஊகம் தீர்ந்துவிடும்.

சின்ன மெஷின்களுக்காவது சொல்லிவிடலாமா?

முயன்றிருக்கிறார்கள், சுவாரஸ்யமான கதை. 1962-இல் டிபோர் ராடோ ஒரு போட்டி போல இதை வைத்தார்: இத்தனை நிலைகள் கொண்ட டூரிங் மெஷின்களில், வெற்று நாடாவில் தொடங்கி, கடைசியில் நின்றுவிடுவனவற்றுள் அதிக நேரம் ஓடுவது எது? பெயர் பிஸி பீவர். இரண்டு குறிகள் மட்டும் உள்ள நாடாவில் 2 நிலைகளுக்கு விடை 6 நகர்வு, 3-க்கு 21, 4-க்கு 107. இதுவரை சாதுவாக இருக்கிறது. 5 நிலைகளுக்கு 4,71,76,870. இவ்வளவு நேரம் ஓடும் மெஷினை ஹைனர் மார்க்சன், யூர்கன் பண்ட்ராக் இருவரும் 1989-லேயே கண்டுபிடித்தார்கள். இதைவிட அதிகம் ஓடி நிற்பது வேறெதுவும் இல்லை என்று நிரூபிக்க 2024 ஆனது. இணையத்தில் கூடிய ஆர்வலர் குழு ஒன்று அதைச் செய்து, நிரூபணத்தைக் கம்ப்யூட்டரைக் கொண்டே சரிபார்த்தது. ஐந்து வட்டப் பொம்மைக்கே இந்தப் பாடு.

நம் லேப்டாப் டூரிங் மெஷினா, ஃபைனைட் ஆட்டோமேட்டனா?

கறாராகப் பார்த்தால் ஃபைனைட். 8 ஜிபி நினைவகத்தில் ஏறக்குறைய 6,872 கோடி பிட்கள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. வட்டங்களின் எண்ணிக்கை 2-ஐ அத்தனை தடவை பெருக்கினால் வருவது. அந்தப் படத்தை வரையப் பிரபஞ்சத்தில் காகிதம் இல்லை, ஆகவே டூரிங் மெஷின் என்று எண்ணிக்கொள்வதே லாபம்.

பி, என்பி என்பது இதில் வருமா?

எல்லையில் வரும். முடியுமா என்பதைத் தாண்டி, நியாயமான நேரத்தில் முடியுமா என்ற கேள்வி அது. விடையை வேகமாகக் கண்டுபிடிக்க முடியும் வேலைகள் பி, கொடுத்த விடையை வேகமாகச் சரிபார்க்க முடியும் வேலைகள் என்பி. இரண்டும் ஒன்றுதானா? 1971-இல் ஸ்டீபன் குக் தொடங்கிவைத்தார். 2000-இல் கிளே கணித நிறுவனம் இதன் விடைக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. இதைத் தனியாக எழுத வேண்டும்.

கோலத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் படங்களுக்கான இலக்கணங்களை உருவாக்கினார்கள். கோலத்தைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1974-இல் வெளியானது.

சாதாரண இலக்கணத்தில் எழுத்துகள் ஒரே வரியில் நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டு இரண்டைப் போட்டால் வரி நீளும், பிரச்சினை இல்லை. கோலத்தில் அப்படிச் செய்தால் அந்த வரிசை மட்டும் நீண்டு, மேலும் கீழும் உள்ள புள்ளிகள் விலகிவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று: முதலில் படுக்கைவசத்தில் ஒரு வரியை உருவாக்கு, பிறகு அதன் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் நெடுவரிசைகள் எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே அளவில் கீழே வளரட்டும். கட்டம் கலையாது. ஐந்து புள்ளிக்குப் போடத் தெரிந்த ஒருவர் அதே கோலத்தை ஒன்பது புள்ளிக்கும் விரித்துப் போட்டுவிடுகிறாரே, மனதில் படம் மட்டும் இருந்தால் அது முடியாது. வளர்க்கும் விதியும் இருக்க வேண்டும். அந்த விதியைத்தான் இவர்கள் எழுதிப் பார்த்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் நுழைவுப் பரீட்சைக்கும் வேண்டும்.

கேட் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டத்தில் மேலே சொன்ன ரெகுலர் எக்ஸ்பிரஷன், பம்ப்பிங் லெம்மா, டூரிங் மெஷின், தீர்மானிக்க முடியாதவை எல்லாம் உண்டு. வரையறைகளை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு நோட்டில் இருபது முப்பது மெஷின்கள் வரையுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வெறும் எண் போடாமல், அங்கே நிற்கும்போது இயந்திரத்துக்கு என்ன நினைவிருக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் படம் தப்பு.

முதலில் இதைப் போடுங்கள். 0, 1 இலக்கங்களில் ஒரு இரும எண் இடமிருந்து வருகிறது. அது மூன்றால் வகுபடுமா? நினைவு வேண்டியது இதுவரை வந்த எண்ணின் மீதி மட்டும்: 0, 1, 2. மூன்று வட்டங்கள். புது இலக்கம் வந்தால் பழைய எண் இரட்டிப்பாகி அந்த இலக்கம் கூடும். ஆக மீதி 1-இல் நிற்கும்போது 0 வந்தால் மீதி 2, 1 வந்தால் மூன்றாகி மீதி 0. மீதி 2-இல் 0 வந்தால் நான்கு, அதாவது மீதி 1. 1 வந்தால் ஐந்து, மீதி 2-லேயே நிற்கும். மீதி 0-இல் 0 வந்தால் அங்கேயே, 1 வந்தால் மீதி 1. ஆறு அம்புகள், முடிந்தது. 110 என்று கொடுத்துப் பாருங்கள், அது ஆறு: 0-விலிருந்து 1, பிறகு 0, பிறகு 0. ஏற்கிறது.

ஐந்தால் வகுபடுவதற்கு நீங்களே வரையுங்கள், பத்து அம்புகள் வர வேண்டும்.